விசிலம்மா திருப்பிக் கொடுத்த கோப்பை

அந்தக் கல்லூரியில் பெண்கள் வாலிபால் அணியின் பயிற்சியாளரை எல்லோரும் விசிலம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் பார்த்ததில்லை. நாக்கை மடித்து அவர் அடிக்கும் சீழ்க்கை மைதானத்தைத் தாண்டி வேதியியல் ஆய்வகம் வரைக்கும் கேட்கும். வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருடமாக அதே மைதானம், அதே வலை. அத்தனை வருடத்தில் அவருடைய அணி ஒரு தடவைகூடக் கால் இறுதியைத் தாண்டியதில்லை.

அந்த வருடம் தாண்டியது. அரை இறுதியையும் தாண்டி, இறுதி ஆட்டத்தில் ஐந்தாவது செட் வரை போய் ஜெயித்தது. அணியின் கேப்டன் விசிலம்மாவின் தங்கை மகள். கல்லூரி பக்கம் என்பதால் மூன்று வருடமாகப் பெரியம்மா வீட்டிலேயே தங்கிப் படித்தாள். வீட்டில் பெரியம்மா, மைதானத்தில் மேடம். வாய் தவறி மைதானத்தில் பெரியம்மா என்று சொல்லிவிட்டால் இரண்டு சுற்று ஓட வேண்டும். மற்றப் பெண்கள் அவளை வேண்டுமென்றே வம்புக்கு இழுத்து அப்படிச் சொல்லவைத்து, அவள் ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஜெயித்ததற்குக் கேப்டன் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஈட்டி. ஆறடிக்கு இரண்டு விரல் குறைவாக இருந்த அந்தப் பெண்ணை விளையாட்டுத் துறைத் தலைவர் பாதி வருடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். மாலை வகுப்பு மாணவி என்றார். அவள் எகிறி அடித்தால் பந்து எதிர்ப்பக்கத் தரையில் குத்தி நிற்கும், அதனால் அந்தப் பெயர். பயிற்சி முடிந்ததும் யாரோடும் அரட்டை அடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். போட்டிக்கு அனுப்பிய பட்டியலின் கீழே, அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தேன் என்ற வரிக்கு நேரே விசிலம்மா கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றவர்களின் சான்றிதழைப் பார்த்தார். ஈட்டியுடையதை மட்டும் பார்க்கவில்லை. துறைத் தலைவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டார்.

கோப்பை வந்து மூன்று வாரம் கழித்து, பயிற்சியில் ஈட்டிக்குக் கணுக்கால் பிசகியது. விசிலம்மாதான் ஆட்டோ பிடித்து எலும்பு மருத்துவரிடம் கூட்டிப் போனார். ஈட்டியின் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து விசிலம்மாவே பெயர்ச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஈட்டி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் இரண்டாவது தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார். ஈட்டி திரும்பவே இல்லை. விசிலம்மா தோளைத் தொட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் எல்லாம் வெளியே வந்தது. அந்தப் பெயர் அவளுடையது இல்லை. கல்லூரியில் சேர்ந்து ஒரே மாதத்தில் நின்றுபோன வேறொரு பெண்ணின் பெயர். துறைத் தலைவர் அந்தப் பெண்ணின் அட்டையில் ஈட்டியின் படத்தை ஒட்டியிருந்தார். ஈட்டிக்கு வயது இருபத்தேழு, பாட்டில் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. பள்ளியில் விளையாடியதோடு சரி, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஒரு தடவையாவது பெரிய மைதானத்தில், ஆட்கள் உட்கார்ந்து பார்க்க, விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அவளை மிரட்டவும் இல்லை, அவளுக்கு எதையும் கொடுக்கவும் இல்லை. விளையாடலாம் என்றார்கள், வந்தாள். விசிலம்மாவுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. காலுக்குக் கட்டுப் போடும்வரை கூடவே இருந்துவிட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காலை துறைத் தலைவரின் அறைக்குப் போனார். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான், நாம் இந்த வருடம்தான் செய்தோம், மற்றவர்கள் வருடா வருடம் செய்கிறார்கள் என்றார். கோப்பை முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரிக்கே போய்விட்டது, இனி யார் கிளறப் போகிறார்கள் என்றார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தார்.

"உங்க தங்கச்சி பொண்ணுக்கு உடற்கல்விப் படிப்புல சீட்டு கெடச்சிருக்கே, அதுவே இந்தக் கோப்பையோட சான்றிதழாலதான். யோசிச்சுப் பாருங்க. அந்தப் பட்டியல்ல இருக்கறதும் உங்க கையெழுத்துதான், என்னோடது இல்ல."

"அதனாலதான் நான் முதல்வருக்கு எழுதணும்," என்று சொல்லிவிட்டு விசிலம்மா எழுந்து வந்துவிட்டார்.

ஆனால் நேராகப் போய் எழுதிவிடவில்லை. நாலு நாள் தள்ளிப்போட்டார். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர் மட்டும் விஷயம் தெரிந்தவர். பிரேக் பிடிக்காத வண்டியைச் சரி என்று எழுதிக் கொடுத்தால் தன்னால் தூங்க முடியாது, அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். விசிலம்மாவுக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது இறுதி ஆட்டத்தில் எதிரணிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த செட்டர் பெண். கடைசிப் பந்து விழுந்ததும் அவள் வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை குலுக்க வந்தபோது அழுகையை அடக்கிக்கொண்டு, நல்லா ஆடினீங்க மேடம் என்றாள். அவளுடைய கல்லூரிக்குச் சரியான தளம்கூடக் கிடையாது. ஜல்லியைத் தட்டிச் சமன் செய்து அதில் பழகிவிட்டு வந்தவர்கள்.

ஐந்தாம் நாள் மாலை தங்கை மகளை மாடிக்குக் கூட்டிப் போய்ச் சொன்னார். கடிதம் முதல்வர் கைக்குப் போவதற்கு முன் விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அவள் துவைத்த துணியை மடித்தபடியே கேட்டாள். முடிந்ததும் ஒரு சட்டையை மட்டும் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"கடைசி பாயிண்ட் நான் போட்ட சர்வ் பெரியம்மா. அவ எடுத்தது இல்ல."

"தெரியும்டி."

"அப்புறம் என்ன?"

"அந்த செட்டுல அதுக்கு முன்னாடி எடுத்த பதினாலு பாயிண்டுல எட்டு அவளோடது. நான் எண்ணிப் பார்த்துட்டேன்."

"என் சீட்டு போயிடும்."

"போயிடும். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அவள் அன்றே துணிகளை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கை தொலைபேசியில் பிடிபிடியென்று பிடித்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் பார்க்கிற அக்கா, கூடப் பிறந்தவளின் பெண்ணுக்கு மட்டும் குழி வெட்டுகிறாள் என்றாள். அவள் அழுது முடிக்கும்வரை விசிலம்மா தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். நடந்ததை எழுதி, கடைசியில், அசலைப் பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது என் தவறு என்று முடித்திருந்தார். முதல்வர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். பத்து நாள் அது அங்கேயே கிடந்தது. இரண்டு தடவை கேட்டதற்கு, பார்க்கலாம், அவசரம் என்ன என்றார். பதினோராம் நாள் விசிலம்மா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கடிதத்தின் நகலோடு பஸ் ஏறிப் போட்டிக் குழுவின் அலுவலகத்துக்கே போனார். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யார் மேல் புகார் என்று கேட்டார்.

"எங்க காலேஜ் மேல. என்னையும் சேர்த்துக்குங்க."

எழுத்தருக்கு அதை எந்தக் கோப்பில் போடுவது என்று தெரியவில்லை. ஜெயித்தவர்களே புகார் கொடுத்து அவர் பார்த்ததில்லை. விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தரும்வரை நகர மாட்டேன் என்று விசிலம்மா நின்றார். மதிய இடைவேளை முடிந்துதான் முத்திரை விழுந்தது.

விசாரணையில் துறைத் தலைவர் எல்லாவற்றையும் மறுத்தார். அந்தப் பெண் தன்னையும் ஏமாற்றிவிட்டாள் என்றார். ஈட்டியும் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் கடிதம் அந்தரத்தில் தொங்கியிருக்கும். அவள் இன்னும் நொண்டிக்கொண்டுதான் வந்தாள். விசிலம்மாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அவங்க எழுதினது எல்லாம் நிஜம்," என்றாள். "எனக்கு ஆடணும்னு இருந்துச்சு, ஆடினேன்."

பட்டம் பறிபோய், இறுதியில் தோற்ற அணிக்குப் போனது. துறைத் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். கல்லூரிக்கு ஒரு வருடம் போட்டியில் இடமில்லை. விசிலம்மாவுக்கும் ஒரு வருடத் தடை. அதைக் குறைக்கச் சொல்லி மனு போடலாம் என்றார்கள். அவர் போடவில்லை. மூன்று பெண்கள் அணியை விட்டு நின்றார்கள். ஆசிரியர் அறையில் அவர் நுழைந்தால் பேச்சு வேறு திசைக்குத் திரும்பும். ஈட்டியைப் பிறகு ஒரு தடவை தொழிற்சாலை வாசலில் காத்திருந்து பார்த்தார். அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தோழிகளோடு போய்விட்டாள்.

கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோகக் கல்லூரியில் ஒருவரும் முன்வரவில்லை. விசிலம்மா அதைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அந்த அணியின் கல்லூரிக்குப் போனார். பக்கத்து இருக்கைப் பெண், குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அந்தக் கல்லூரியில் அணிப் பெண்கள் பாதிப் பேர் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள். நாலு பேர்தான் தாழ்வாரத்தில் வந்து நின்றார்கள். செட்டர் பெண் கோப்பையை வாங்கிக்கொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அழுதுட்டே பஸ் ஏறினோம் மேடம். அத என்ன பண்றது?"

விசிலம்மா மன்னித்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துவிட்டு வந்தார்.

சீட்டு பறிபோன தங்கை மகள் மூன்று மாதம் பேசவில்லை. அடுத்த வருடச் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வும் உடல்திறன் தேர்வும் இருந்தன. ஒரு காலை ஆறு மணிக்கு ஓட்டக் காலணியோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எண்ணூறு மீட்டர்ல பதினோரு செகண்டு குறைக்கணும். கோவம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க."

"கோவத்தோடயே ஓடு," என்று விசிலம்மா நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். தடைக் காலம் முழுவதும் அந்த ஒருத்திக்குத்தான் பயிற்சி. பத்து செகண்டுதான் குறைந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் கைகொடுத்து, கடைசிப் பட்டியலில் அவளுக்கு இடம் கிடைத்தது. தங்கை இன்னும் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

தடை முடிந்து விசிலம்மா அணியைத் திரும்ப அமைத்தபோது ஒன்பது பேர்தான் வந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பந்து தலைக்கு மேல் வந்தால் கண் மூடிக்கொள்ளும். ஒவ்வொருத்தியையும் மேசைக்கு எதிரே உட்காரவைத்து, அசலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பட்டியல் எழுதினார். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். முதல் ஆட்டத்திலேயே மூன்று செட்டும் தோற்றார்கள். திரும்பும் வண்டியில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, விசிலம்மா முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பன்னிரண்டு சர்வ் வலையிலேயே போயிருக்கிறது, அத்தனையையும் குறித்து வைத்திருக்கிறேன் என்றார்.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு மைதானம். ஆளுக்கு நூறு சர்வ்."