நைன்ட்டி நைன் பர்சன்ட் மாப்பிள்ளை

ஆரணியில் பட்டு நெய்யும் ஜீவானந்தம் எதையும் அறுதியிட்டுச் சொல்லமாட்டான். மழை வருமா என்றால் "மோஸ்ட்லி". வந்தவாசி பஸ் நேரத்துக்குக் கிளம்புமா என்றால் "ஜெனரலா". சேலையில் சாயம் போகுமா என்று கேட்பவர்களிடம், "நார்மலி போகாதுங்க". பி.காம். படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்பாள் அவன் அம்மா கிருஷ்ணம்மாள். ஆனால் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். எது எப்போது அறும் என்று யார் கண்டது? தறிக்காரன் வேறு எப்படிப் பேசுவான்?

இதெல்லாம் ஹேமலதாவுக்குத் தெரியும். தீர்ந்துபோகும் பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. அவன் தறிக்கும் போவாள். அவனைப் பிடித்துப்போனதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஜீவானந்தம் அம்மாவோடு அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் அப்பா குப்புராஜ் கேட்டார்.

"பொண்ணு புடிச்சிருக்குதா?"

"நைன்ட்டி நைன் பர்சன்ட்டுங்க."

குப்புராஜின் முகம் சிவந்தது. "மீதி ஒண்ணுல என் பொண்ணுக்கு இன்னா கொற?"

"இங்கயுமாடா?" என்று கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொறன்னு சொல்லலீங்க…"

"அப்ப நூறுன்னு சொல்லு. இல்லாட்டி கேசரிய சாப்ட்டு கெளம்புங்க."

அவன் கேசரித் தட்டைக் கையில் எடுத்தான். கதவோரம் நின்ற ஹேமலதா ஓரடி முன்னால் வந்தாள். பொய்யாகவாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா இந்த ஆள்?

"அப்பா, அவரு பட்டுக்கே மோஸ்ட்லிதான் சொல்லுவாரு. இவ்ளோ மார்க் யாருக்கும் போட்டதில்ல."

"நீ சும்மா இரு. அந்த ஒண்ணு எங்க போச்சின்னு அவரு சொல்லட்டும்."

ஜீவானந்தம் தட்டைக் கீழே வைத்தான். "அவங்களுக்கு என்னைப் புடிச்சிருக்குதான்னு இன்னும் யாரும் கேக்கலீங்களே. அது தெரியாம நூறுன்னு எப்டிங்க சொல்றது?"

குப்புராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தார். வீடு கழுவ, கேசரி கிண்ட, நாற்காலி இரவல் வாங்க நினைவிருந்தது, இது மறந்துவிட்டது.

"இன்னாமா சொல்ற?" என்றார், குரல் இறங்கி.

"புடிச்சிருக்குப்பா."

"எப்பத்திலேருந்துமா?" என்று குறுக்கே புகுந்தாள் கிருஷ்ணம்மாள்.

"மூணு பாவு ஆச்சிங்க அத்தே."

பாவுக்கு நாற்பது நாள் என்று கிருஷ்ணம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "நாலு மாசமாவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இவன வாயே தொறக்க விட்டிருக்கமாட்டேனே."