ஜம்பு சாஸ்திரிகள் ஆவணிக்குத் தள்ளிவைத்தது

என் அத்திம்பேர் ஜம்பு சாஸ்திரிகள் ஊருக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுப்பவர். கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாபநாசம் வரை ஆற்றங்கரைக் குடும்பங்களில் கிரஹப்பிரவேசமோ திவசமோ, அவரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. நல்ல மனுஷர், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கூடுதல். என் அக்கா கோமு இத்தனை வருஷமாக அந்தப் பிடிவாதத்தோடு குடித்தனம் நடத்துகிறாள். அவளுக்குத்தான் கோயில் கட்ட வேண்டும்.

ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். வேறு வழியில்லை. அவரை அழைக்கிற குடும்பங்களில் பாதி இப்போது பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. லீவு போட்டு வந்து இறங்கி, மத்தியானத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பிழைப்பு நடக்காது என்று பழைய ஆல்டோ ஒன்று வாங்கினார். சைக்கிள்காரன்கூட மணியடித்து அவரை முந்திக்கொண்டு போவான். இவருக்கா ஆபத்து வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஆடி பிறந்த கையோடு காரின் இன்சூரன்ஸ் முடிந்தது. அம்பாசமுத்திரத்து ஏஜெண்ட் கிங்ஸ்லி போன் மேல் போன் போட்டார்.

"சாமி, ஒரு நாள் விட்டாலும் பாதுகாப்பு கெடையாது. பணத்தக் கட்டிருங்க."

"ஆடியில புதுசா எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல, கிங்ஸ்லி. ஆவணி பொறக்கட்டும், மொத முகூர்த்தத்துல கட்டிடறேன்."

நிலம் வாங்குகிறவனையும் கடை திறக்கிறவனையும் இதையே சொல்லி நிறுத்தி வைக்கிறவர், தனக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்பாரா? கேட்க மாட்டார். அந்த நேர்மைதான் வினையாகப் போயிற்று. காருக்கு மட்டும் ஆடி கிடையாது, அது தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் தர்ப்பணம் செய்துவைக்கக் காலையிலேயே கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஓட்டுகிறவருக்கு யோசனை சொல்லத் தெரியும். சாலை முழுக்கக் கூட்டம். விக்கிரமசிங்கபுரத்துக்கு முன்னால் ஒரு வேன் எதிரே ஏறி வந்தது. அத்திம்பேர் பதறி இடதுபுறம் ஒடித்தார். ஓரமாகப் போய்க்கொண்டிருந்த மொபெட்டில் கார் இடித்து, வண்டியோடு ஆளும் சாய்ந்தார். பின்னால் கட்டியிருந்த கோரைப்பாய்க் கட்டு உருண்டோடி ஒரு கடை வாசலில் போய் நின்றது.

விழுந்தவர் அசன் மைதீன், கூட்டத்தில் பாய் விற்கப் பத்தமடையிலிருந்து வந்தவர். எழுந்திருக்கப் பார்த்தார், வலது காலை ஊன்ற முடியவில்லை.

பந்தோபஸ்துக்கு நின்றிருந்த பெண் எஸ்.ஐ. வந்து அவரை ஏற்றிவிட ஒரு ஆட்டோவை நிறுத்தினார். கையோடு கார் நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தார்.

"சாமி, இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சே?"

"ஆடி மாசத்துல..." என்று அத்திம்பேர் ஆரம்பித்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

"அவருக்குக் காலு முறிஞ்சு கேஸாச்சுன்னா கம்பெனி ஒரு பைசா தராது. கோர்ட்டு சொல்லுத நஷ்டஈட்ட நீங்கதான் கட்டணும். கட்ட முடியலன்னா சொத்த ஜப்தி பண்ணுவாவ. ஜாமீன் குடுக்காம காரும் வெளிய வராது. இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டுனதுக்கு அபராதமோ ஜெயிலோ, அது தனி."

அவர் மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அத்திம்பேருக்கு இருக்கிற சொத்து ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் இந்நேரம் அக்கா சமைத்துக்கொண்டிருப்பாள்.

தர்ப்பணத்துக்கு வேறொருவரை அனுப்பச் சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தோம். அசன் மைதீனை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். அத்திம்பேர் வாய் ஓயாமல் சுலோகம் சொன்னார், பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் மறந்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் வெளியே வந்து, "எலும்புல ஒண்ணும் இல்ல, வெறும் சுளுக்குதான்" என்றார்.

அத்திம்பேர் அழுதுவிட்டார். நானும்தான், அதில் என்ன வெட்கம்?

கட்டுப் போட்டுக்கொண்டு அசன் மைதீன் வந்தபோது எஸ்.ஐ.யும் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, புகார் குடுக்கியளா?"

"வேண்டாம்மா, வேண்டவே வேண்டாம்."

அவர் சொன்ன வேகம் எஸ்.ஐ.க்குச் சரியாகப் படவில்லை. "ஒங்க வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

அசன் மைதீன் சுவரைப் பார்த்தார். "வாங்கும்போது போட்டது..."

"எப்ப வாங்குனிய?"

"மூத்த மவ பொறந்தப்போ."

"மவ இப்ப என்ன செய்யுதா?"

"காலேஜ் போவுதா."

எஸ்.ஐ. சிரித்தேவிட்டார். ஆனால் இரண்டு பேருக்கும் அபராதம் போட்டார். அடிபட்டவரும் இடித்தவரும் ஆளுக்கொரு சீட்டோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காட்சியைக் கோமு பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் அத்திம்பேரே கட்டினார். அங்கிருந்தபடியே கிங்ஸ்லிக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னார். மனசு மாறுவதற்குள் கிங்ஸ்லி வந்து, காரைப் போட்டோ எடுத்துப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். அப்போது என்ன நேரம், ராகு காலமா எமகண்டமா என்று அத்திம்பேர் பார்க்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

விழுந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மொபெட்டை ஒரு ரிப்பேர் கடையில் விட்டுவிட்டு, பாய்க்கட்டைக் காரின் மேல் கட்டி, அசன் மைதீனைப் பத்தமடைக்குக் கூட்டிப்போனோம். வழியெல்லாம் இரண்டு பேரும் எஸ்.ஐ.யைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கார் நின்ற சத்தம் கேட்டு அவர் மூத்த மகள் தஸ்மியா வெளியே வந்தாள். கையில் பேனா இருந்தது. கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் பேனாவைப் போட்டுவிட்டு, "வாப்பா!" என்று ஓடி வந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். அவர் சுளுக்குத்தான் சுளுக்குத்தான் என்று சொல்லியும் நம்பாமல் குனிந்து காலைத் தடவிப் பார்த்தாள்.

அத்திம்பேர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அவர்கள் உள்ளே போகும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குரு, இன்சூரன்ஸ்ங்கறது என் காருக்கான காகிதம்னு நெனச்சுண்டிருந்தேன்டா. அவர் கால் ஒடிஞ்சிருந்தா என் வீட்ட வித்துப் பணம் வரதுக்குள்ள இவ படிப்பு நின்னுருக்கும். இந்தப் பொண்ணயும் சேர்த்துன்னா நான் ஆவணிக்குத் தள்ளி வெச்சிருந்தேன்!"