கியர்பாக்ஸ் இறங்கிய செவ்வாய்க்கிழமை

கொதிக்கிற ரேடியேட்டரில் மஞ்சள்தூள் வேகும் வாசனையை உங்களில் எத்தனை பேர் முகர்ந்திருப்பீர்களோ தெரியாது. பருப்பு வேகிற மணமும் துருப்பிடித்த இரும்பின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வளவனூரில், புதுச்சேரிச் சாலையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டு வாசலில், ஒரு கோடை முழுவதும் அந்த வாசனைதான். ரேடியேட்டரில் மயிரிழை ஓட்டை விழுந்தால் ஒரு கைப்பிடி மஞ்சளைக் கரைத்து ஊற்று, அது தானாகப் போய் ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும் என்பது அப்பாவின் வைத்தியம். "மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு, இனி தாய்மாமன் சீருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்" என்று அம்மா கட்டிலில் இருந்தபடியே கேலி பேசுவாள்.

அந்தக் காரை அப்பா மூன்றாவது கையாக வாங்கியிருந்தார். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும், நான் பார்த்த நாளிலிருந்து அது மோரின் நிறம்தான். திண்டிவனத்துக் கல்யாணம், விழுப்புரம் ஜங்ஷன், மயிலம் முருகன் என்று வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி, நான் எட்டாவது படித்த வருடம் வேறு வேலைக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். எங்கள் தெருவில் அதற்கு "ரத்தம் மாத்தறது" என்று பெயர். தப்பு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொன்னேன்.

இருந்த பணமெல்லாம் மருந்துக்கே போனதால், வண்டிக்கு வருகிற நோய்களையெல்லாம் அப்பா வீட்டிலேயே பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "மொதல்ல காசு ஆவாததைப் பாரு, அப்பறம் கொஞ்சமா ஆவறதைப் பாரு, கடைசியாத்தான் கடைப்பக்கம் போவணும்" என்பார். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் பேட்டரி செத்துவிட்டது என்று அழக்கூடாது; முனையில் பூத்திருக்கிற வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்க்க வேண்டும். வண்டி இருமினால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கத்திரி வெயிலில் நடுரோட்டில் நின்றுபோனால் பெட்ரோல் பம்ப் சூடாகிவிட்டதென்று அர்த்தம், ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் புளியமரத்தடியில் உட்கார்ந்தால் போதும். டேங்க் கசிந்தபோது குளிக்கிற சோப்பை நசுக்கி அப்பினார். அந்த வாரம் முழுவதும் நாங்கள் பயத்தமாவு தேய்த்துக் குளித்தோம். இரண்டு சாமான்களில் சந்தேகம் இருந்தாலும் இரண்டையும் ஒன்றாக மாற்ற விடமாட்டார், ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். அவசரப்பட்டால் எது குற்றவாளி என்றே தெரியாமல் போய்விடும் என்பது அவர் கட்சி.

ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில் அவரைவிட அம்மா கெட்டிக்காரியாகிவிட்டாள். பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, போகும்போதும் வரும்போதும் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் அவளுக்கு ஒவ்வொரு சத்தமும் அத்துப்படி. கண்டமங்கலம் தாண்டினதும் அப்பா வழக்கமாகக் கேட்பார், ஏதாவது சத்தம் வருதா என்று. இடதுபக்கப் பின்சக்கரத்தில் ஏதோ உரசுகிறது, மேட்டில் ஏறும்போது மட்டும் டொக்கு டொக்கு என்கிறது என்று அவள் புட்டுப்புட்டு வைப்பாள். அவர் இறங்கிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். நோயாளி என்கிற நினைப்பே இல்லாமல் அவள் சிரித்தது அந்த நேரத்தில்தான். எனக்கும் அது பிடித்திருந்தது.

கிளட்ச் போகிறது என்பதையும் அவளேதான் முதலில் சொன்னாள். "ஏங்க, சத்தம் எண்பதுல போவுது, புளியமரம் நாப்பதுலதான் போவுது" என்றாள். அப்பா வீட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அந்த இடத்திலேயே அணைந்துவிட வேண்டும். அணையவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சட்டப்படி முதலில் காசு ஆகாத வேலையாகக் கிளட்ச் ஒயரை முறுக்கி வைத்தார். அதில் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏற மறுத்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் அப்பா வண்டியை ஜாக்கியில் தூக்கிக் கல் முட்டுக் கொடுத்து, பக்கத்து வீட்டு ஆட்களின் உதவியோடு கியர்பாக்ஸை இறக்கிச் சாக்கின் மேல் வைத்தார். உள்ளேயிருந்த கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருந்தது. புதிது வாங்க வழியில்லை; பழைய பிளேட்டுக்கே புதுப் பட்டை வைத்து ரிவெட் அடித்துத் தருகிற கடை விழுப்புரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு சைக்கிளில் அங்கே கொண்டுபோனால், இவருக்கு முன்னால் வரிசையில் வேறு பிளேட்டுகள் கிடந்தன, புதன்கிழமைதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கறுத்த கையோடு வந்து திகைத்து நின்றவரிடம் அம்மாதான் சமாதானம் சொன்னாள். "ஒரு வாட்டிதானேங்க. வெள்ளிக்கிழமை சேத்துப் பாத்துக்கலாம். நீங்க பேஜாரு பண்ணிக்கினு இருக்காதீங்க."

அவள் பாதம் வீங்கியிருந்தது. கொலுசைக் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாள். புதன்கிழமை ராத்திரி படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள், கேட்டதற்கு வெக்கை தாங்கவில்லை என்றாள். எங்கள் மூன்று பேருக்குமே வெக்கைதான் என்பதால் நாங்கள் நம்பினோம். வண்டியில் ஆணி தளர்ந்தால் சொல்கிறவள் தனக்கு மூச்சு முட்டுவதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவார் என்று நினைத்திருப்பாள் பாவி.

வியாழக்கிழமை சாயங்காலம் கியர்பாக்ஸைத் திரும்ப மாட்டி, வண்டி ரோட்டுக்கு ஏறியது. வெள்ளிக்கிழமை காலையில் அது ஓடின ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். தடுமாற்றம் இல்லை, இருமல் இல்லை, எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவள் மாதிரி போயிற்று. கண்டமங்கலம் தாண்டினதும் அப்பா வழக்கப்படி கண்ணாடியில் பார்த்து, ஏதாவது சத்தம் வருதா என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் போவுது" என்றாள் அம்மா. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கினாள். அப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் பிரேக்கைத் தொடவில்லை.

நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. வார்டு வராந்தாவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா, திட்டுவதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் அப்பாவைக் கேட்டார்: செவ்வாய்க்கிழமை ஏன் வரவில்லை?

"வண்டி ரிப்பேருங்க" என்றார் அப்பா.

"ஏன் சார், பஸ் இல்லையா?"

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிற ஊர் எங்களுடையது. ஒரு பஸ் போய்ப் புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் எத்தனை பஸ் போயிருக்கும்! நோயின் ஆரம்பத்தில் ஒருமுறை பஸ் கூட்டத்தில் யாரோ ஊசி குத்தின கையில் இடித்து, அம்மா துடித்துப் போனாள். இனிமேல் உன்னை பஸ் படியில் ஏற்றமாட்டேன் என்று அன்றைக்கு அப்பா சொன்ன சொல்லை, வண்டியின் மேல் வைத்த நம்பிக்கையிலேயே நாங்கள் மூன்று பேரும் காப்பாற்றிக்கொண்டு வந்தோம். பஸ் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு நினைவில்லாமல் போய்விட்டது. வெளியாள் ஒருத்தர் கேட்க வேண்டியிருந்தது.

கருமாதி முடிந்த மறுவாரம் அப்பா வண்டியைத் திண்டிவனத்தில் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார். ஓடுகிற வண்டியை உடைக்கக் கொடுக்கிறாயே என்று கடைக்காரர் கேட்டாராம். அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார்.

நான் இப்போது அதே திண்டிவனத்தில் குடியிருக்கிறேன். என் காருக்கு ஏதாவது வந்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், சர்வீஸ் பையன் ஒயரை மாட்டிக் கோளாறைப் படித்துச் சொல்லிவிடுவான், காது கொடுத்துக் கேட்க ஒன்றும் கிடையாது. வளவனூரில் சாலை அகலமாகி எங்கள் வாசல் போயிற்று. புளியமரங்கள் போயின. அம்மா இல்லாதது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. அப்பா வளவனூரிலேயே தனியாக இருக்கிறார். என் காரில் ஒருநாளும் ஏறினதில்லை. போன மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல் என்று தெரிந்து, அங்கேயே இருங்கள், நான் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், நல்ல டாக்டரிடம் போகலாம் என்று போனில் கெஞ்சினேன். அவர் அதற்குள் ஸ்டாப்பிங்கில் வந்து நின்றிருந்தார்.

"வாணாம் பாப்பா," என்றார். "நீ வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா இங்க நாலு பஸ்சு போயிடும்."