ஹியன் அண்ணனின் கைராசி

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்த அன்று, சந்தைக்குப் பின்னாலிருந்த வாடகை வீட்டில் ஒட்டரிசிச் சோறும் அவித்த கோழியும் படைத்தார்கள். அதன்பின் மதிப்பான ஒருவர் பூங்கிளையைக் குழந்தையின் வாய்க்கு மேல் ஆட்டி வாழ்த்த வேண்டும். அவர் குணம் அதற்கு வரும் என்பது நம்பிக்கை. செக் நாட்டின் அந்த எல்லை ஊரில் வியட்நாமியருக்கெல்லாம் மதிப்பானவர் ஒருவர்தான்: ஹியன்.

பூ வழியாகக் குணம் வருமென்று குழந்தையின் தாய் லியூ நம்பியவள் அல்ல. ஆனாலும் அந்த ஆளின் கை தன் பிள்ளையின் அருகே வருவதை அவள் விரும்பவில்லை.

சோஷலிச ஆட்சியில் அவள் நூற்பாலையின் ஒப்பந்தத் தொழிலாளி; அவன் மொழிபெயர்ப்பாளன், விடுதிக் கண்காணிப்பாளன். கருவுற்றவள் கலைக்க வேண்டும், இல்லையேல் ஊருக்கு விமானம் ஏற வேண்டும் என்பது விதி. குளியலறையில் எவள் வாந்தி எடுக்கிறாள் என்று மோப்பம் பிடித்தவன் அவன். லியூவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். திரும்பும் வழியெல்லாம் தொழிலாளியின் கடமையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

ஆட்சி கவிழ்ந்தது, ஆலை மூடியது. எல்லோரும் இந்த எல்லைச் சந்தைக்கு, ஜெர்மன்காரர்களுக்கு ஜீன்ஸும் தோட்டத்துக் குள்ளன் பொம்மையும் விற்க வந்தார்கள். ஹியன் தரகனானான். நாட்டில் தங்குவதற்கான குடியிருப்பு முத்திரைக்குப் போலீஸ் அலுவலகம் போவதென்றால் அவன் இல்லாமல் யாரும் போவதில்லை. செக் மொழியில் சரளமாகத் திட்டத் தெரிந்தவர்களும் அங்கே அவன் முதுகுக்குப் பின்னால் ஊமையாக நின்றார்கள்.

"அவர் மனசு கோணினா நமக்கு முத்திரை கிடைக்காது," என்றான் கணவன் தோவான். "ஒரு நிமிஷ வேலை. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிள்ளையக் குடுத்துடு."

ஹியன் கோழிக்காலைக் கடித்து முடித்து, எண்ணெய்க் கையை நீட்டினான்.

"குடு தங்கச்சி. நம்ம கை ராசியான கை."

"தெரியும்ணே. போன தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே அந்தக் கைதானே."

அவன் விரல்களைத் துடைத்துக்கொண்டான். "அன்னிக்கு இருந்த சட்டம் அதும்மா. இன்னிக்கு வேற சட்டம்."

"சட்டம் மாறுச்சு. நீங்கதான் மாறாம நடு இடத்துலயே உக்காந்திருக்கீங்க."

அவன் அதே மருத்துவமனைக்குக் கூட்டிப்போன இன்னும் மூன்று பெண்கள் அந்த அறையில் இருந்தார்கள். அதில் ஒருத்தி, அவசர அவசரமாக, மற்றொரு கோழிக்காலை அவன் தட்டில் வைத்தாள்.

லியூ பூங்கிளையைத் தானே எடுத்து மகளின் வாய்க்கு மேல் ஆட்டினாள். ஹியன் எழுந்து போனான். விருந்தாளிகளில் பாதிப்பேர் அவன் பின்னால் போனார்கள்.

திங்களன்று அவள் குழந்தையோடு போலீஸ் அலுவலக வரிசையில் தனியாக நின்றாள். ஹியனின் ஆட்கள் இடித்துத் தள்ளியபோது, ஆலையில் கற்ற செக் வசவுகளை வாய் வலிக்கும்வரை கொட்டினாள். மதியம் முத்திரை கிடைத்தது. ஹியன் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அடுத்த மாதமும் அவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றார்கள். பூ ஆட்டக் கூப்பிடுவதும் அவனைத்தான்.