கெட்டி மேளத்துக்கு இஸ்திரி

என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அத்தை கெட்டி மேளத்தை விளக்கில் வாட்டிவிட்டார். இதை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் அத்தையைக் காப்பாற்றுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. எனக்குப் பத்து வயதில் அம்மா போய்விட்டார். அப்பாவின் அக்காதான் அன்றிலிருந்து என்னை வளர்த்தவர், அவரைத்தான் அத்தை என்கிறேன். மாப்பிள்ளை வீடு கிள்ளான், கல்யாணமும் அங்கே ஒரு கோயிலில். எல்லாம் கூடி வந்த நேரத்தில், எங்களுக்கு வருவதாகச் சொல்லியிருந்த நாயனக்காரர்கள் அதே நாளில் ஒரு கும்பாபிஷேகத்துக்கு மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். சாமியோடு போட்டி போட முடியுமா? "ரெக்கார்ட் போட்டுக்கலாம்" என்றார் அப்பா. அப்போது நிறைய வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

ஆனால் எனக்கு மாமியாராகப் போகிறவர் சகுனம் பார்ப்பதில் ஒரு தனி ரகம். காலிக் குடம் எதிரே வந்தால் ஆகாது என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இவர் அதைக் காலத்துக்கு ஏற்றபடி விரித்து வைத்திருந்தார். முதல் முறை பெண் பார்க்கக் கிளம்பியவர்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள். காரணம், காலி கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே போனதாம். மறுபடி நல்ல நாள் பார்த்து வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

பெண் பார்த்துப் போன மறுவாரம் மாப்பிள்ளை மட்டும் தனியாக வந்து என் ஆபீஸ் வாசலில் நின்றார். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். சரி, நல்ல ஆரம்பம். "ஆனா அம்மா ஏதாவது ஒரு காரணம் சொல்லி வேணாம்னுட்டா, எனக்கு எதுத்துப் பேச வராது. அதனால எதுவும் ஆகாம நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். இப்படி ஒரு மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா? கையிலிருந்த குடையால் ஒன்று போடலாம் போலிருந்தது. ஆனால் எனக்கும் அவரைப் பிடித்துத் தொலைத்திருந்தது. பஸ் வரும்வரை பேசாமல் என் பக்கத்தில் நின்று, வெயில் என் மேல் படாதபடி தள்ளித் தள்ளி நின்ற மனிதர் அவர். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ரெக்கார்ட் விஷயத்தை அப்பா சொன்னபோது, அந்த அம்மாள் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "தாலி ஏறுறப்ப மேளம் நிக்கக் கூடாது. வேற ஒரு சத்தமும் கேக்கக் கூடாது. கேட்டுச்சு, நான் எந்திரிச்சுப் போயிருவேன். பையனும் என் பின்னாலயே வந்துருவான்" என்றார். பையன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கோ இதில் வேறொரு கணக்கு இருந்தது. அம்மா இல்லாததால், என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும் மணவறையில் உட்காருவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பெற்ற அப்பாவுக்கு என் கல்யாணத்தில் மிச்சமிருந்த ஒரே வேலை கெட்டி மேளம்தான். "பிளேயரும் என்னுது, ரெக்கார்டும் நானே வாங்குனது. ஒருத்தன் கை வைக்கக் கூடாது" என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை தாலியையும் கூறைப்புடவையையும் சாமி முன்னால் வைத்தோம். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவதில்லை. ஐஸ்பெட்டிக்கு வைத்தோம், தையல் மெஷினுக்கு வைத்தோம். ரெக்கார்டுக்கும் வைக்க வேண்டியதுதானே? அட்டை மேல் வைத்திருந்தால் வம்பில்லாமல் போயிருக்கும். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "மூடி வச்சுட்டா சாமிக்கு எப்படிடி தெரியும்?" என்று ரெக்கார்டை வெளியே உருவினார். நாலு பக்கமும் சந்தனம், நடுவில் குங்குமம். குத்துவிளக்கில் ஐந்து முகமும் ஏற்றி, அதற்குப் பக்கத்தில் ரெக்கார்டைச் சாய்த்து வைத்தார். பிறகு அவர் சமைக்கப் போனார், நான் தலைக்குக் குளிக்கப் போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்த அப்பா சாமியறையில் நின்று போட்ட சத்தத்தில், பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆட்கள் பாம்பு என்று நினைத்துக் கட்டையோடு ஓடி வந்தார்கள். ரெக்கார்டின் ஓரம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து விளக்கைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! என்னா பண்ணி வச்சிருக்க?"

"பூசைதான்டா பண்ணேன். வேற என்ன பண்ணேன்?"

பல் விளக்கும் பிரஷ்ஷால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துப் போட்டுப் பார்த்தோம். கெட்டி மேளம் இருந்தது இரண்டாவது பக்கத்தில் முதலாவதாக, அதாவது சரியாக அந்த ஓரத்தில். ஊசி மேட்டில் ஏறியது, சறுக்கியது, இரண்டு பாட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. போகிற போக்கில் நாயனம் ஆடு மாதிரி ஒரு தரம் கத்தியது. "என்னடா இது, எழவு வீட்டுச் சத்தம் மாதிரி" என்று சொல்லிவிட்டு அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்து இருந்த மங்கல இசை எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அப்பா பஸ் ஏறி, அதை வாங்கின மஸ்ஜித் இந்தியா தெருக் கடைக்கே போனார். கல்யாண மாதம் என்பதால் கடைசி ரெக்கார்டும் விற்றுப்போயிருந்தது. "கெட்டி மேளம் முடிஞ்சு போச்சுண்ணே. நல்ல சோகப் பாட்டா இருக்கு, தரவா?" என்று கேட்டானாம் கடைக்காரன். அப்பா அவனோடு சண்டை போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

முதலில் பாரம் வைத்துப் பார்த்தோம். ரெக்கார்டை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார் அப்பா. ராத்திரி முழுக்க இருக்கட்டும் என்றார். அது சும்மா இருந்தால்தானே? கல்யாணச் சமையலுக்கு மசாலா அரைக்க வேண்டும் என்று அத்தை அதன் மேலேயே மிளகாய் அரைத்தார். கேட்டால், "பாரத்துக்குப் பாரமும் ஆச்சு, வேலைக்கு வேலையும் ஆச்சு" என்றார். காலையில் எடுத்துப் பார்த்தால் நெளிவு அப்படியே இருந்தது. மிளகாய்க் காரம் ஏறி, துடைத்த அப்பாவுக்குத்தான் கண்ணெல்லாம் சிவந்துபோயிற்று.

சூட்டால் போனது சூட்டால்தான் வரும் என்று சனிக்கிழமை காலை அப்பாவுக்கு ஞானோதயம். இரண்டு சாமி படங்களை இறக்கிக் கண்ணாடியைக் கழற்றி, நடுவில் ரெக்கார்டை வைத்து வெயிலில் போட்டார். இதுதான் எல்லாவற்றிலும் உருப்படியான யோசனை. மத்தியானத்துக்குள் ரெக்கார்ட் இளகி, கண்ணாடியோடு கண்ணாடியாகப் படிந்து, பார்க்கவே ஆசையாக இருந்தது. "ஆறுற வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வாழைமரத்துக்குச் சொல்லிவைக்கப் போனார். நான் மருதாணிக் கையோடு உள்ளே இருந்தேன். கோலாலம்பூர் மழை எப்போது யாரிடம் சொல்லிக்கொண்டு வந்தது? சடசடவென்று கொட்டியது. அத்தை ஓடினார். ஓடினவர், பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை முறத்தோடு வாரிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"அத்தே, ரெக்கார்டு!"

"வடகம் நமத்துப் போயிரும்டி!"

மேல் கண்ணாடி படாரென்று விரிசல் விட்டது. மழையில் திடீரென்று குளிர்ந்த ரெக்கார்ட், பழைய நெளிவோடு புதிதாக இன்னொரு நெளிவையும் சம்பாதித்துக்கொண்டது. அன்றுதான் நான் அத்தையிடம் முதலும் கடைசியுமாகக் கத்தினேன். "நாளைக்கு அந்தம்மா எந்திரிச்சுப் போனா, வடகத்தையா எனக்குத் தாலி கட்டச் சொல்லுவீங்க?" என்றேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். பிறகு நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் அவர்தான் எழுந்து, ரெக்கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு டோபி கடைக்குப் போனார். தெரு முனையில் கரிப்பெட்டியோடு நின்று இஸ்திரி போடுகிற அண்ணன். சட்டைக் காலர் எந்த நிலைமையில் வந்தாலும் நிமிர்த்திவிடுவார் என்று பெயர். ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கஞ்சி போடணுமாக்கா?"

"இது ரெக்கார்டுப்பா!"

"தெரியுதுலா. விறைப்பா நிக்கணும்னா கேட்டேன்."

ஆனால் வேலை என்று வந்ததும் மனிதர் விளையாடவில்லை. ஈரத் துணியை நாலாக மடித்து ரெக்கார்டின் மேல் விரித்தார். பெட்டியில் இருந்த கரியை ஊதி, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சூடு பார்த்தார். பிறகு பெட்டியைத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுத்தார். ஆவி குபுகுபுவென்று வந்தது. கடையில் சட்டைக்காகக் காத்திருந்த நாலு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கடைசியில் துணியை எடுத்தபோது ஓரம் படிந்திருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு மேடு. "இது காலர் இல்ல தங்கச்சி. இதுக்கு மேல வச்சா உருகிரும்" என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டில் வைத்துப் போட்டுப் பார்த்தோம். ஊசிக்கு மேலே ஒரு காசை ஒட்டி வைத்தால் பாதி மேளம் வரை தாவாமல் ஓடியது. அந்த மேடு வருகிற ஒவ்வொரு சுற்றிலும் அப்பா ஊசித் தண்டைச் சுண்டுவிரலால் பட்டும் படாமலும் அழுத்திக்கொண்டே இருந்தால், முழு மேளமும் வந்தது. அப்பா ஐந்து தரம் பழகினார். ஐந்து தரமும் ஒரு குறையில்லை. "கண்ண மட்டும் எடுக்கக் கூடாதும்மா. அவ்ளோதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போகும் வழியெல்லாம், கூறைப்புடவையும் நகையுமாக நான் அந்த ரெக்கார்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோயிலில் மணவறைக்குப் பக்கத்து மேசையில் பிளேயரை வைத்து, அப்பா அதன் மேல் கவிழ்ந்து நின்றார். மாமியார் எனக்கு எதிரே முதல் வரிசையில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார். தாரை வார்த்தார்கள். தாலியை எல்லோரும் தொட்டுக் கொடுத்தார்கள். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்றார்.

அப்பா ஊசியை இறக்கினார். மேளம் எழும்பியது பாருங்கள், ஆள் உட்கார்ந்து வாசித்தால்கூட அப்படி வந்திருக்காது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்பாவின் விரல் ஊசித் தண்டில் படுவதும் விலகுவதுமாக இருந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்து என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். நான் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிப் பார்க்காமல் இருப்பார்? ஒரே மகள். விரல் நழுவியது. ஊசி ரெக்கார்டின் குறுக்கே சர்ரென்று இழுத்துக்கொண்டு போய்க் கீழே விழுந்தது. கோயிலே அமைதியாகிவிட்டது. ஓமப் புகை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், முதல் வரிசையிலிருந்து, வாயைப் பொத்தியும் அடங்காமல் என் மாமியார் தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் அத்தை பழக்க தோஷத்தில் "நூறாயுசு" என்றார்.

தாலி என் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடியபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். எனக்கு இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது. குனிந்த தலை நிமிரக் கூடாது என்று எனக்கு எத்தனை பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்! நிமிர்ந்தேன்.

"தும்முனது உங்க வீட்டு ஆளு. கட்டுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். மறுபடி அம்மாவைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு, மேளமும் இல்லாமல் தாளமும் இல்லாமல், மூன்று முடிச்சையும் போட்டார். அரிசி விழுகிற சத்தம்கூட எனக்குத் தனித்தனியாகக் கேட்டது.

அப்பா பிளேயருக்குப் பக்கத்தில், செய்யக் கூடாததைச் செய்துவிட்டவர் போல் நின்றுகொண்டிருந்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கவும் தோன்றாமல், மாமியாரைப் பார்த்து, "மறுபடியும் போடவா சம்பந்தி?" என்று கேட்டார்.

மாமியார் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"வேணாங்க" என்றார். "நீங்க வந்து புள்ளையப் பாருங்க."