வராமல் இருந்தவர்கள்

யோக்யகர்த்தா நகருக்குத் தெற்கே, பந்துல் ஊரை ஒட்டிய கிராமத்தில் யார் நோயில் படுத்தாலும் முதலில் வண்டி பிடிப்பவள் வாகினெம். அக்கம்பக்கத்துப் பெண்களை பிக்-அப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுவாள். வண்டி நிறைய ஆள் வராவிட்டால் நோயாளிக்கு என்ன மரியாதை என்பது அவள் கட்சி.

இப்போது படுத்திருப்பது அவளே. கருப்பைவாய்ப் புற்றுநோய். யோக்யகர்த்தாவில் மகள் வீட்டில் தங்கி, கதிர்வீச்சுக்குப் போய்வந்தாள். பாதி முடிந்திருந்த நிலையில் ஒரு வியாழக்கிழமை, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா சிகிச்சையை நிறுத்திவைத்தார்.

"வெள்ளணு ரொம்ப எறங்கிடுச்சும்மா. அது எலும்புக்குள்ளதான் பொறக்குது. இடுப்பெலும்புல கதிர் பட்டு உற்பத்தி கொறஞ்சிருக்கு. கீமோ மருந்தும் சேர்ந்துக்கிச்சு. மிச்சம் இருக்கிறதுக்கும் முன்ன மாதிரி சண்டை போடத் தெம்பில்ல. சாதாரண சளியே உங்களைச் சாய்ச்சிடும். திங்கட்கிழமை ஏறியிருந்தா தொடரலாம். தள்ளிப்போகப் போக கட்டிக்குத்தான் கொண்டாட்டம்."

சனிக்கிழமை காலை மகள் வீட்டு வாசலில் ஊரிலிருந்து பிக்-அப் வந்து நின்றது. வண்டி கொள்ளாத பெண்கள். முதலில் குதித்தவள் ஊரில் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பொனியெம். கையில் தேங்காய் பிசைந்த பச்சைக் காய்கறி; தொண்டையில் இருமல்.

வாகினெம் கதவுக்கு வந்தாள். தேடி வந்தவர்களை வாசலோடு அனுப்புவதா? தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்து, சன்னலுக்கு வந்தாள்.

"யாரும் உள்ள வராதீங்க!"



"எங்களையா சொல்ற?" என்றாள் பொனியெம். "காவலாளியோட மல்லுக்கு நின்னு எங்களை வார்டுக்குள்ள தள்ளிவிட்டவ நீதானேடி!"

"நான்தான் அக்கா. இப்போ நானே காவலாளி. உன் இருமல் எனக்கு ஒட்டிக்கிட்டா திங்கட்கிழமை மெஷின்ல படுக்கவைக்க மாட்டாங்க."

பொனியெம் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள். அங்கிருந்து கத்தினாள்: "அப்போ இந்தக் காய்?"

"பச்சையா எதுவும் ஆகாதாம்."

"சரி, நாங்க திங்கிறோம், நீ பாரு!"

தெருவோரம் பாய் விரிந்தது. மகள் தேநீர் கொடுத்தாள். சன்னலுக்கு உள்ளிருந்து வாகினெம் எச்சில் விழுங்கியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது பொனியெம் உத்தரவு போட்டாள்: "வைத்தியம் முடியிற வரைக்கும் ஒருத்தியும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது!" அது லேசான காரியமில்லை. நோயாளியைப் பார்க்கப் போகாதவளை அந்த ஊர் பகையாளி என்றே பேசும். அந்தப் பேச்சை அத்தனை பேரும் அவளுக்காகத் தாங்கத் துணிந்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ரத்த முடிவைப் பார்த்தார். "ஏறியிருக்கும்மா. போய்ப் படுங்க."

கதிர்வீச்சு முடிந்து வெளியே வந்ததும் வாகினெம் தொலைபேசியில் பொனியெமை அழைத்தாள்.

"அக்கா, இன்னிக்குக் கதிர் வெச்சுட்டாங்க. நீங்க யாரும் வராம இருக்கறதுக்கு ரொம்ப நன்றி."

"மெதுவாச் சொல்லுடி," என்று இருமினாள் பொனியெம். "வெளிய கேட்டா ஊரே சிரிக்கும்."

வாகினெம் சிரித்தாள்; கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்க முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது.