முத்து ஏன் போயிற்று: இரண்டு கட்டுரைகள்

அக்காவின் புருஷனுக்கு, அதாவது எங்கள் அத்தானுக்கு, இடது காது போய்விட்டது. சங்கு குளிக்கப் போய் மூக்கில் ரத்தம் வழியக் கரையேறிய அன்று, இனிக் கடலுக்குள் முங்கினால் வலது காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதுத் துறைமுகத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி. அத்தானோ, "முத்துக்குளிப்பு திரும்ப வரும், அதுவரைக்கும் சங்கு குளிக்கேன்" என்று ஒரே பிடியாக நின்றார். கடைசி முத்துக்குளிப்பு நடந்து பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

"நீ பி.ஏ. படிச்சவன்லா, முத்து ஏன் போச்சுன்னு அவியளுக்கு விளக்கமாச் சொல்லுலே. இனி வராதுன்னு தெரிஞ்சா கையெழுத்துப் போட்டுருவாவ" என்றாள் அக்கா.

தெரியாத விஷயத்தை விளக்குவதில் எனக்கு எப்போதும் ஆசை அதிகம். இரண்டு கட்டுரைகளைத் தேடிப் பிடித்தேன். ஒன்று மாதா கோயில் திருவிழா மலரில் கோயில் நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் எழுதியது. மற்றது ஓர் அதிகாரி எழுதிய அரசாங்கக் கையேடு.

மலர்க்காரருக்குச் சந்தேகம் என்பதே கிடையாது. முத்துக் குளிக்கிற குளியாளிகள் ஜெபமாலையை விட்டுச் சினிமாக் கொட்டகைக்குப் போனார்கள், ஆகவே முத்துச் சிப்பி போயிற்று. கொட்டகை வந்த பிறகும் சிப்பி அள்ளியது அவருக்கு மறந்துவிட்டது போலும். முந்தி நடந்ததெல்லாம் காரணம் என்றால், எனக்கு மீசை முளைத்ததுகூடச் சிப்பிக்கு ஆகாமல் போயிருக்க வேண்டும். அதிகாரிக்குச் சந்தேகத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. நீரோட்டம் மாறியிருக்கலாம், மணல் மூடியிருக்கலாம், மீன் தின்றிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் உறுதியாக எழுதியிருந்தார்: குளியாளிகள் பேராசையில் சின்னச் சிப்பியையும் அள்ளிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தானின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து இரண்டையும் வாசித்தேன். இரண்டுமே 'முத்து திரும்ப வரும்' என்று முடிவதைக் கடைசிப் பக்கத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டாமலே தீர்ப்புச் சொல்லக் கிளம்பிய மேதை நான். அக்கா என்னை முறைத்தாள்.

அத்தான் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் நாங்கதான் காரணம்னு சொல்லுதாவளா?"

"ஆமா அத்தான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்கும் அதாம்லே மனசுல. கடைசி வருசம் நானும் சின்னச் சிப்பிய அள்ளுனேன். கெடுத்தவன் அது திரும்ப வார வரைக்கும் கடல்லயே இருந்து பாக்கணும்லா."

முத்தாசை பிடித்த மனுஷன் என்று அத்தனை வருஷம் அவரைக் கேலி பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அக்காவுக்குக் கோபம் வந்தது. முத்துக்குளிப்பில் வள்ளம் கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் போடுவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவனுக்கு. அந்த ஒன்றிலும் கோயிலுக்கென்று கொஞ்சம் போகும்.

"மூணுல ரெண்ட சர்க்கார் அள்ளிட்டுப் போச்சு. மிச்சத்துலயும் கோயிலுக்குக் குடுத்தீய. பாவத்த மட்டும் ஏன் பங்கு வைக்காம முழுசா வீட்டுக்குக் கொண்டாந்தீய?"

அத்தான் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பங்குக் கணக்க ஏம்லே அந்த ரெண்டு பேரும் எழுதல?" என்று என்னிடம் கேட்டார்.

இரண்டையும் எழுதியவர்கள் பங்கு வாங்கியவர்களின் ஆட்கள் என்பது, பி.ஏ. படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.